லவோன் ஏற மறுத்த வண்டி

இந்தக் காலத்தில் எவனுக்கும் கழுத்து திரும்புவதில்லை. வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற திரையைப் பார்க்கிறான். அது கத்தினால் நிற்கிறான், கத்தாவிட்டால் இடிக்கிறான். மழை வருமா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்ப்பதில்லை, சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தேய்க்கிறான். ஏரிக்கரையில் நாலு நாள் கிடந்துவிட்டு வருவதற்கு ஒரு முழு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். அந்த வீட்டுக்குள் கணப்பு வேறு. அதில் விறகு கிடையாது, நெருப்பு எரிகிற மாதிரி படம் ஓடும். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குளிர்காய்கிறான்.

தானியக் கிடங்கின் காப்பி மேசையில் டெல்மர் ஃபெட்டிக் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே டயருக்குக் காற்றடிக்க நிறுத்தியிருந்த அவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் இருபத்தேழு அடி நீளத்தில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீடு பூட்டியிருந்தது.

"உன் டிரெய்லர்லயும் அந்த நெருப்புப் படம் ஓடுதாமே?" என்றார் அம்புரோஸ். பக்கத்து நிலத்துக்காரர். டெல்மரைச் சீண்டுவதைத் தவிர ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேறு வேலை இல்லை.

"அது அதோடவே வந்தது. நான் கேக்கல."

"போடறதில்லையா?"

"லவோன் போடுவா," என்றார், மனைவியைச் சொல்லி.

"அப்போ நீ?"

"நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன்."

மேசையே சிரித்தது. அந்த ஊரில் தோல் குவளையில் பகடையைக் குலுக்கிப் போட்டு, தோற்றவர் மேசைக்கே காப்பி வாங்கித் தருவார். அன்றைக்குத் தோற்றவர் டெல்மர். பகடையின் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அம்புரோஸ் வீட்டிலிருந்து வருகிற பகடை அது.

அம்புரோஸ் எழுந்து சன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். "டெல்மரு, நாய் சொறியறதுக்குக் குந்தின மாதிரி இல்ல இருக்கு உன் வண்டி. பின்பக்கம் தரையத் தொடுது, மூக்கு மேல பாக்குது. இருட்டுல விளக்கப் போட்டேன்னா மேல பறக்கிற வாத்துக்குத்தான் வழி தெரியும்."

"அது இழுக்கும்."

"இழுக்கும். நிக்குமா?"

டெல்மர் காப்பியைக் குடித்தார். 

வடக்கு டகோட்டாவில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அவன் பெயரைக் கேட்க வேண்டாம், பிக்கப்பைப் பார்த்தால் போதும். சுமக்கிற கனத்தை வைத்து அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று மூன்று ரகம். அரை டன் என்பது கடைக்குப் போக, கோயிலுக்குப் போக, நாலு மூட்டை விதையை ஏற்றி வர. கனமாக எதையாவது இழுக்க வேண்டுமென்றால் முக்கால் டன்னுக்குப் போவார்கள். டெல்மரிடம் இருந்தது அரை டன். அதன் பின்னால் முன்பு இழுத்தது ஒரு சின்ன டிரெய்லர். மடக்கினால் பெட்டி, விரித்தால் கூடாரம். லவோனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதில் குனிந்து நுழைய முடியவில்லை. கட்டிலும் கழிப்பறையும் நின்று சமைக்கிற அடுப்பும் உள்ள பெரிய டிரெய்லரை அவளே பார்த்து வாங்கினாள். வீடு வளர்ந்துவிட்டது. இழுக்கிற வண்டி வளரவில்லை.

யாரையும் நம்பாதவர் டெல்மர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு டிராக்டரில் ஏறியவர். வானிலை சொல்லுகிறவனை நம்ப மாட்டார், உரம் விற்கிறவனை நம்ப மாட்டார், பாதிரியார் பிரசங்கத்தில் கணக்கு ஏதாவது சொன்னால் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு விளம்பரத்தை மட்டும் முழுதாக நம்பினார். 'இந்த வண்டி எதையும் இழுக்கும்' என்று தன் அரை டன்னைப் பற்றித் தொலைக்காட்சியில் எவனோ சொன்னதை. தனக்குத் தோதாக இருந்த ஒன்றே ஒன்று அதுதான் என்பதால் நம்பினார் என்று லவோன் சொல்வாள்.

லவோன் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த வசந்தத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"டெல்மர், இது இப்படி வாலத் தரையில தேய்ச்சுக்கிட்டே போனா, நான் எல்ராய் வண்டியில போயிடுவேன்."

எல்ராய் அவளுடைய தம்பி. முக்கால் டன் டீசல் வைத்திருப்பவன். கிளப்பினால் அடுத்த ஊரில் கோழி எழும்பும். ஒவ்வொரு கோடையிலும் லவோனின் கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பெரிய ஏரிக்கரையில் டிரெய்லர்களைக் கொண்டுபோய் வட்டமாக நிறுத்தி நாலு நாள் தங்குவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பயணத்தில் லவோன் உட்கார்ந்தது டெல்மரின் பக்கத்து இருக்கையில்தான். மடியில் சூரியகாந்தி விதை, கையில் தோலைத் துப்ப ஒரு காகிதக் குவளை, காலடியில் காப்பிக் குடுவை. அவள் எல்ராய் வண்டியிலிருந்து இறங்குவதை மொத்தக் குடும்பமும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் என்று நினைத்தபோதே டெல்மருக்குக் காது சுட்டது. அதைவிட, அத்தனை தூரம் பக்கத்து இருக்கை காலியாக வருமே என்பது. இந்த இரண்டாவதை அவர் வெளியே சொல்லுகிறவர் இல்லை.

ஆகவே வாலைத் தூக்க வேண்டும். வேறு வண்டி வாங்காமல் தூக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டெல்மர் டிரெய்லரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். முன்பக்கம் கனம் இருப்பதால்தானே பிக்கப் குந்துகிறது? முன்பக்கத்துக் கனத்தைப் பின்னால் கொண்டுபோனால்? வாழ்நாள் முழுக்கக் கோதுமை வண்டி இழுத்தவர் அவர். கோதுமை வண்டிக்கு நாலு மூலையிலும் சக்கரம். மூட்டையை எங்கே போட்டாலும் அது பாட்டுக்கு வரும். அதே புத்தியோடு ஜெனரேட்டரைத் தூக்கிப் பின்னால் வைத்தார். தண்ணீர் கேன்களை வைத்தார். லவோனின் இரும்புச் சட்டிகள், ஊறுகாய் பாட்டில் பெட்டி, எறிந்து விளையாடுகிற குதிரை லாடங்கள், எல்லாம் பின்னால் போயின. ஒவ்வொன்று வைக்கும்போதும் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கடைசி லாடம் வைத்தபோது வண்டி பட்டாளத்துக்காரன் மாதிரி நேராக நின்றது.

"பாத்தியா?" என்று லவோனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லவோன் சுற்றி வந்து பார்த்தாள். "என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் ஒழுங்கா அடுக்கினேன். நீதான் புது வண்டி வாங்கு வாங்குன்னு நின்ன."

"நான் வாங்குன்னு சொல்லல. ஏற மாட்டேன்னு சொன்னேன்."

"இப்ப ஏறுவதானே?"

ஏறினாள். மறுநாள் காலையில் டெல்மர் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாமல், தானியக் கிடங்கு வாசல் வழியாகச் சுற்றிப் போனார். அம்புரோஸ் சன்னலில் தெரிந்தார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு டெல்மர் போய்க்கொண்டே இருந்தார்.

ஏரிக்கு முன்னால் ஒரு நீள இறக்கம் உண்டு. சமவெளி திடீரென்று கையை விரித்து ஆற்றுப் பள்ளத்துக்குள் போகிற இடம். மேற்கிலிருந்து காற்று குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. லவோன் விதை கொறித்துக்கொண்டிருந்தாள். மாடு ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து வந்து அவர்களை முந்தியது.

முதலில் டிரெய்லர் லாரியின் பக்கம் சாய்ந்தது. லாரி கடந்ததும் இந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு லாரி இல்லாமலே அந்தப் பக்கம் போனது. கண்ணாடியில் டெல்மர் பார்த்தபோது வீட்டின் ஒரு பக்கச் சன்னல் தெரிந்தது, அடுத்து மறு பக்கத்துச் சன்னல் தெரிந்தது. பின்னால் வருவது வாலாட்ட, முன்னால் இருக்கிற பிக்கப்பும் கூடவே ஆடியது. டெல்மருக்கு எது தெரியாவிட்டாலும் ஓட்டத் தெரியும். பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடுகிற கைப்பிடியை மெல்ல அமுக்கினார். ஆட்டம் குறைந்தது. சாலையோரச் சரளையில் வண்டி நின்றது.

 குவளையிலிருந்த விதைத் தோலெல்லாம் கண்ணாடிக்கு அடியில், இருக்கையில், லவோனின் கழுத்துப் பட்டியில் கிடந்தது. அவள் அதைத் தட்டினாள். கதவைத் திறந்தாள். நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கி, புல் ஓரமாகப் போய் நின்றாள்.

"லவோன், ஏறு."

"மாட்டேன்."

"காத்து அது."

"காத்து எனக்கும்தான் அடிக்குது. நான் ஆடல."

 பின்னாலேயே ஏரிக்கு வந்துகொண்டிருந்த எல்ராயின் முக்கால் டன் அருகில் வந்து நின்றது. எல்ராய் இறங்கி வந்து, தன் அக்காவைப் பார்த்தான், டெல்மரைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காததுதான் டெல்மருக்கு எரிந்தது. லவோன் பிக்கப்புக்கு வந்தாள். ஏறத்தான் வருகிறாள் என்று டெல்மர் பக்கத்து இருக்கையில் கிடந்த விதைத் தோலை அவசரமாகத் தட்டிவிட்டார். அவள் குனிந்து, தான் எப்போதும் முதுகுக்கு வைத்துக்கொள்கிற மெத்தையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்ராய் வண்டிக்குப் போனாள்.

மெத்தையையும் கொண்டுபோய்விட்டாளே என்று மீதி இறக்கம் முழுக்க டெல்மர் நினைத்துக்கொண்டே போனார். டிராக்டர் வேகத்தில் போனார்.

ஏரிக்கரையில் ஒரு வேடிக்கை உண்டு. யாராவது டிரெய்லரோடு வந்தால் மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்க்க. எத்தனை நல்ல தம்பதியும் அந்த ஐந்து நிமிடத்தில் சண்டை போடும். புருஷன் ஓட்டுவான், பெண்சாதி பின்னால் நின்று கை காட்டுவாள், அவள் காட்டியது ஒன்று, அவன் புரிந்துகொண்டது ஒன்று. டெல்மரும் லவோனும் மட்டும் அந்த வேடிக்கையில் யாருக்கும் தீனி போட்டதில்லை. லவோன் காட்டுகிற கை வேறு யாருக்கும் புரியாது. தொப்பியைத் தொட்டால் நிறுத்து, முழங்கையைச் சொறிந்தால் இன்னும் கொஞ்சம் இடது. ஒரே வீச்சில் உள்ளே போய்விடும்.

அன்றைக்கு லவோன் பின்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

டெல்மர் கண்ணாடியில் பார்த்தார். "லவோன்," என்று கூப்பிட்டார்.

"நிக்கிறேன்ல?"

"கையக் காட்டு."

"குளிருது."

சூலை மாதம், நடுக்கோடை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டெல்மர் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், கடைசியில் டிரெய்லரைக் கோணலாக நிறுத்தினார். நாலு நாளும் தூங்கும்போது இரண்டு பேரும் கட்டிலின் ஒரே பக்கமாக உருண்டார்கள்.

சாமான் இறக்க எல்ராய் உதவிக்கு வந்தான். பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இதையெல்லாம் யாரு இங்க வச்சது?"

"நான்தான். ஏன்?"

"டெல்மர், இது கோதுமை வண்டி இல்ல. இதுக்கு நடுவுல மட்டும்தான் சக்கரம். சீசா பலகை மாதிரி. பின்னால குண்டனை உக்கார வச்சா முன்னால இருக்கிறவன் மேல போயிடுவான். பிக்கப்ப அமுக்கிப் பிடிக்க ஆளே இல்ல. வாலாட்டாம என்ன செய்யும்? வானத்துல இருந்து வண்டி வாங்கிட்டு வந்தாலும் இப்படித்தான் ஆடும்."

டெல்மர் கொஞ்ச நேரம் அதை மென்றார். பிறகு முகம் தெளிந்தது. "அப்போ வண்டி மேல தப்பு இல்ல," என்று லவோனைப் பார்த்துச் சொன்னார். "கேட்டியா? உன் தம்பியே சொல்றான்."

லவோன் நெஃப்லா சூப்புக்கு மாவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "வண்டி மேல தப்பு இல்லன்னா ஓட்டினவன் மேல. உனக்கு எது தோதுன்னு சொல்லு, அதையே வச்சுக்கலாம்."

எல்ராய் போய், டெல்மருடைய பிக்கப்பின் கதவைத் திறந்து ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். இந்த வண்டி எவ்வளவு கனம் தாங்கும் என்று அதில் போட்டிருந்தது. "நீ, லவோன், பின்னால கிடக்கிற விறகு, கொக்கி மேல உக்கார்ற கனம், எல்லாத்தையும் சேத்தா இது தாங்காது. இழுக்கிறது வேற, தாங்கறது வேற."

"அந்தச் சீட்ட ஒட்டினது யாரு?"

"வண்டி செஞ்சவன்."

"பெரிய வண்டியும் அவன்தானே விக்கிறான்? அப்போ சின்ன வண்டியில குறைச்சலாத்தான் ஒட்டுவான்."

எல்ராய் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

திரும்பி வரும்போது டெல்மர் எல்லாவற்றையும் எல்ராய் சொன்னபடி முன்பக்கம் அடுக்கினார். தனியாகத்தான் வந்தார். டிரெய்லர் வாலாட்டவில்லை, உண்மைதான். ஆனால் பிக்கப் பழையபடி குந்திவிட்டது. ஏற்றத்தில் ஏறும்போது முன்சக்கரங்களுக்குத் தரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வண்டி யோசித்துவிட்டுத் திரும்பியது. பின்னால் வைத்தால் அது ஆடுகிறது, முன்னால் வைத்தால் இது மிதக்கிறது. ஏற்றத்தின் உச்சியில் அவர் நிறுத்தி இறங்கி, அரை டன்னின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் லவோன் கோபமாக இருந்தால் சமாளித்திருப்பார். அவள் கோபமாக இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே தக்காளி பறித்தாள். செப்டம்பரில் வருகிற அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுபடி ஏரிக்கரைக்குப் போவதென்று ஏற்பாடு. போனில் எல்ராயின் மனைவி மார்லிஸிடம் அவள் சொல்வது சமையலறையிலிருந்து கேட்டது.

"பின்சீட்டு எனக்குத்தான், சரியா? மெத்த உங்க வண்டியிலயே இருக்கட்டும். எதுக்கு எடுத்துக்கிட்டு அலையணும்?"

டெல்மர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "லவோன், செருப்ப மாட்டு. மைனாட் டவுன் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"எதுக்கு?"

"சும்மா. பாக்க."

"என்னத்த?"

"பாக்கறதுக்கு என்ன, எதையாவது பாக்கறதுதான்."

லவோன் மார்லிஸிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள். டெல்மர் டிரெய்லரையும் மாட்டியிருந்ததைப் பார்த்தாள்.  எல்ராய் வண்டியில் ஏறி ஏரிக்குப் போக இன்னும் நாள் இருந்தது. மைனாட்டுக்கு அவள் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு டெல்மரின் பின்னாலேயே ஓட்டி வந்தாள். சாலையில் முன்னால் போகிற புருஷனை மனைவி காவல் காத்து வருகிற மாதிரி இருந்தது அது. எதிரே வந்த தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக விரலைத் தூக்கினார்கள்.

பிக்கப் விற்கிற இடத்தில் ஷெல்பி என்றொரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், பூட்சில் சேறு. "என்ன இழுக்கறீங்க சார்?" என்றாள்.

"அது உனக்கு எதுக்கு?"

ஷெல்பி அவருக்குப் பின்னால் நின்ற இருபத்தேழு அடியைப் பார்த்தாள். "சரி, தெரியாத மாதிரியே இருக்கேன்," என்றாள்.

ஒரு முக்கால் டன்னைக் காட்டினாள். டெல்மர் டயரை உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். அச்சைத் தட்டினார். டயரில் ஒன்று குறைகிறதா என்றுகூடப் பார்த்திருப்பார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு படி தானாக இறங்கி வந்து அவர் முழங்காலுக்கு முன்னால் நின்றது. டெல்மர் துள்ளிப் பின்னால் போனார்.

"யாரு இறக்கினது அத?"

"கதவத் தெறந்தா தானா இறங்கும் சார்."

"யாரும் கேக்காமலா?"

"கேக்க வேண்டியதில்ல சார்."

"நான் கேக்காத வேலையச் செய்யற வண்டி எனக்கு எதுக்கு? நாளைக்கு அது பாட்டுக்கு இங்கயே திரும்பி வந்துடும்."

ஆனால் லவோன் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தன்னால் போய்த் தன் முழங்காலைத் தொட்டது. டெல்மர் அதைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி என்ஜினைத் திறக்கச் சொன்னார்.

"ஓட்டிப் பாருங்க சார்," என்றாள் ஷெல்பி.

இதற்குத்தான் டெல்மர் காத்திருந்தார். "வெறும் வண்டியத்தான் ஓட்டச் சொல்லுவீங்க. கழுத்துல ஒண்ணும் இல்லாத எந்த எருதும் நல்லாத்தான் நடக்கும். என் வீட்டக் கட்டிக் குடு. அப்படியே மேட்டுல ஏறி இறங்கிப் பாக்கணும்."

"சரி சார். அதுக்குத்தானே கொண்டு வந்திருக்கீங்க?"

மறுப்பாள், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தார். ஒத்துக்கொண்டது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. டிரெய்லரை மாற்றிக் கட்டினார்கள். முக்கால் டன் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். குந்தவில்லை.

"வா, லவோன்."

"நீ முதல்ல போயிட்டு வா. நான் இங்க காப்பி குடிக்கிறேன்."

"நான் கூட இருக்கும்போது என்ன பயம்?"

"போன தடவையும் நீ கூடத்தான் இருந்த."

ஷெல்பிதான் பக்கத்தில் ஏறினாள். நகரத்துக்குத் தெற்கே பள்ளத்திலிருந்து ஏறுகிற பெரிய மேடு. டெல்மர் ஏறினார், உச்சியில் திரும்பினார், இறங்கினார். குறுக்குக் காற்று இருந்தது. மணல் லாரி ஒன்று முந்தியது. டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியில் விரலை வைத்துக் காத்திருந்தார். லாரி போய்விட்டது. அவர் இன்னும் காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள்.

திரும்பி வந்து நிறுத்தியதும் லவோன் காப்பிக் குவளையோடு வெளியே வந்தாள். டெல்மர் இறங்கி, சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவரைத் தாண்டி ஷெல்பியிடம் போனாள்.

"பயந்தியாம்மா?"

"எதுக்கு மேடம்? ஒரு லாரி முந்திப் போச்சு. அப்ப சார் என்கிட்ட, 'டிரெய்லர் பின்னால இருக்கா, கழண்டு போச்சா'ன்னு கேட்டார். இருக்குன்னேன். நம்பாம நிறுத்தி இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்தார். அப்புறம் ஒரு வைக்கோல் டிராக்டர் எங்கள முந்திச்சு."

லவோன் சிரித்தாள். சூலையிலிருந்து டெல்மர் கேட்காத சிரிப்பு. கட்டிக்கொண்ட புருஷன் சொன்னால் நம்ப மாட்டாள், எவளோ விற்கிறவள் சொன்னால் நம்புவாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. அதே நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ இறுக்கம் ஒன்று அவிழ்ந்தது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை.

லவோன் குவளையை ஷெல்பியிடம் கொடுத்தாள். கதவைத் திறந்தாள். படி இறங்கியது. மகாராணி மாதிரி அதில் கால் வைத்து ஏறி, உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வா, போகலாம்."

"இன்னும் வாங்கலையே, லவோன்."

"அப்போ போய் வாங்கிட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

டெல்மர் உள்ளே போய் எல்லாக் காகிதத்தையும் தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் வெளியே வரும்வரை லவோன் இறங்கவே இல்லை. தாமதமானால் ஏறியவள் மனசு மாறிவிடுவாளோ என்று அவர் இரண்டு தடவை சன்னல் வழியாக எட்டிப் பார்த்ததை ஷெல்பி பார்த்தாள். அரை டன்னை விலையில் கழித்துக்கொண்டார்கள்; அங்கேயே விட்டு வந்த பழைய காரை எல்ராய் மறுநாள் போய் எடுத்து வந்தான்.

செப்டம்பரில் மறுபடி அந்த இறக்கம். காற்று சூலையைவிடக் கொடுமை. சாலையோரத்துப் புல் தரையோடு படுத்துக் கிடந்தது. டெல்மர் முக்கால் டன்னை இறக்கினார். வீடு பின்னாலேயே சொன்ன பேச்சு கேட்டு வந்தது. ஏதோ சொல்ல லவோன் பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கரையில் நாற்காலிகள் திரும்பின. லவோன் இறங்கிப் பின்னால் போய் நின்றாள். முழங்கையைச் சொறிந்தாள், தொப்பியைத் தொட்டாள். முக்கால் டன்னின் திரை கத்துவதற்குள் டெல்மர் அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பி, ஒரே வீச்சில் டிரெய்லரை நிறுத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேசையில் கூடினார்கள். காகிதத் தட்டுகள் பறக்காமல் மார்லிஸ் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பன்னை வைத்துக்கொண்டிருந்தாள். கூடாரத் துணி படபடவென்று அடித்தது.

எல்ராய் டெல்மரின் தோளில் தட்டினான். "இப்பவாவது ஒத்துக்கோ. வண்டி கனமா இருந்தா எப்படி இருக்குன்னு பாத்தியா?"

"என்னத்தப் பாக்கறது? இன்னைக்குக் காத்து இல்ல."

"காத்து இல்லையா?"

"காத்து இல்லாத நாள்ல எந்த வண்டியும் ஒழுங்காத்தான் வரும். என் அரை டன்னும் வந்திருக்கும். ஒழுங்கா அடுக்கி, கொஞ்சம் மெதுவாப் போயிருந்தா."

"மார்லிஸோட தட்டு ஏரியில மிதக்குது, டெல்மர்."

"அவ சரியாப் பிடிச்சிருக்க மாட்டா."

"நீயே சொல்லு லவோன்," என்றான் எல்ராய். "இறக்கத்துல எப்படி இருந்தது?"

"எந்த இறக்கம்?" என்றாள் லவோன். "நான் முழிச்சப்போ ஏரி வந்திருந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் காற்று டெல்மரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. அது மேசையைத் தாண்டி, பக்கத்து டிரெய்லரின் அடியில் புகுந்து, மறுபக்கம் வந்து, மணலில் சக்கரமாக உருண்டது.

"இதுக்குப் பேரு என்ன, டெல்மர்?" என்று எல்ராய் கத்தினான்.

"லேசா அசையுது," என்றார் டெல்மர். "இது காத்து ஆயிடுமா?" நாற்காலியை விட்டு எழுந்தார். ஓடவில்லை. ஓடினால் காற்று என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வழுக்கைத் தலையை ஒரு கையால் தடவிக்கொண்டு, இன்னொரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, தொப்பி விற்கிறவனுக்கு நல்ல வியாபாரம் என்று முணுமுணுத்தபடி, தொப்பி போன திசையில் கரையோரமாக நடந்து போனார்.